ஹோட்டல் சாப்பாட்டால் ஃபுட் பாய்சன்: நஷ்டஈடு கேட்கலாமா, வக்கீல் வேணுமா?

மழைக்காகிதம்:

வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சனிக்கிழமை ராத்திரி நண்பன் ஒருத்தன் பிரமோஷன் ட்ரீட் கொடுத்தான். அஞ்சு பேர் போனோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வயித்தைப் பிடிச்சு முறுக்க ஆரம்பிச்சுது, சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி முழுக்க பாத்ரூம்தான். ட்ரீட் கொடுத்தவனுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம், அதே கதை. அவன் துவண்டு போய், அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்திட்டிருக்காங்க. மூணாவது ஆள் வீடு போய்ச் சேருறதுக்கு முன்னாடியே வாந்தி எடுத்துட்டான், சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மத்த ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவங்க கோழியைத் தொடவே இல்லை.

ஹோட்டலுக்கு போன் பண்ணேன். மேனேஜர் எடுத்தார். "அன்னைக்கு அவ்வளவு கூட்டம், யாருமே ஒண்ணும் சொல்லலையே சார்"னு ஆரம்பிச்சு, கடைசில "அடுத்த தடவை வாங்க, சாப்பாடு நம்ம செலவு"ன்னு முடிச்சார். அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன், எனக்கு இலவசச் சாப்பாடு வேற.

பில்லும் கார்டும் நண்பனோடது. நான் நஷ்டஈடு கேட்க முடியுமா? அங்க சாப்பிட்டதுலதான் வந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? இப்பவே வக்கீல் நோட்டீஸ் விடணுமா?

கொடுக்காப்புளி:

ப்ரோ, வக்கீல் எல்லாம் அப்புறம். எல்லா ரிவ்யூ சைட்டுலயும் ஒத்த ஸ்டார் போட்டு, ஆஸ்பத்திரி போட்டோவைப் போடுங்க. "செலவைக் கொடுத்தா எடுத்துடறேன்"னு மெசேஜ் தட்டுங்க. மறுநாளே காசு வரும்.

வாய்தா:

அய்யா, அதை மட்டும் செய்யாதீர்கள். நான் வக்கீல், கிட்டத்தட்ட தினமும் நுகர்வோர் வழக்கு பார்க்கிறவன். "காசு கொடு, இல்லைன்னா போடுவேன்" என்று எழுதினால் பல நாட்டுச் சட்டத்தில் அது மிரட்டிப் பணம் கேட்பது. பாதிக்கப்பட்டவர் நீங்கள், ஆனால் அந்த ஒரே ஒரு மெசேஜால் குற்றவாளிக் கூண்டுக்கு நீங்கள் போக வேண்டி வரும்.

மழைக்காகிதம், நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். எலும்புக்கூடு எல்லா ஊரிலும் ஒன்றுதான், சதைதான் மாறும்.

பில் யார் பேரில் என்ற கேள்விக்கு முதலில். 1928இல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்மணிக்கு அவருடைய தோழி ஒரு பாட்டில் ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்தது என்பது புகார். காசு கொடுத்தது தோழி, ஆகவே குடித்தவருக்கும் கடைக்காரருக்கும் நடுவே ஒப்பந்தமே கிடையாது. அவர் தயாரித்தவர் மேல் வழக்குப் போட்டார். 1932இல் பிரபுக்கள் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மாதிரி) அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது: தன் பொருளைக் கடைசியாகப் பயன்படுத்துபவர்மேல் தயாரிப்பவருக்குக் கவனக் கடமை உண்டு. டொனோகு எதிர் ஸ்டீவன்சன் என்று சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே தலையில் ஏற்றிவிடுவார்கள். இதில் வேடிக்கை, நத்தை நிஜமாகவே இருந்ததா என்று எந்தக் கோர்ட்டும் கடைசிவரை விசாரிக்கவில்லை. சட்டக் கேள்வி முடிந்ததும் வழக்கு சமரசமாகிவிட்டது.

ஆக, ட்ரீட்டில் சாப்பிட்டவருக்கும் உரிமை உண்டு. இந்தியா போன்ற நாடுகளின் நுகர்வோர் சட்டமும், காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரை நுகர்வோராகவே பார்க்கிறது. பில் நகலை நண்பரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுபோதும்.

உங்கள் தலைவலி பில் இல்லை. நிரூபணம்தான். நோட்டீஸ் எல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போகலாம். மலப் பரிசோதனைக்குத் தள்ளிப்போட நேரமில்லை.

நுண்ணோக்கி:

நான் லேப்ல வேலை பார்க்கிறவள். வாய்தா சார் சொன்னதை ரெண்டு தடவை அடிக்கோடு போட்டுக்கோங்க. டாக்டர் சீட்டுல "அக்யூட் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்"னு மட்டும் இருந்தா, வயிறு கெட்டதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். எதால கெட்டதுன்னு அதுல இல்லை. கிருமியோட பேர் வேணும்.

ஏன்னா சாப்பிட்டதுலருந்து நோய் ஆரம்பிக்கிறதுக்கு ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு நேரக்கணக்கு இருக்கு. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணி நேரத்துலருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள வாந்தியைக் கொண்டுவந்துடும். அது உணவுலேயே உண்டாகி இருக்கிற நச்சு, திரும்பச் சூடு பண்ணாலும் போகாது. சமைச்ச சோறு வெளியிலேயே கிடந்தா வர்ற பேசில்லஸ் சீரியஸ் வாந்தியும் இதே வேகம்தான். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் 6லருந்து 24 மணி நேரம், இதுல காய்ச்சல் பொதுவா இருக்காது. சால்மொனெல்லா 6 மணி நேரத்துலருந்து 6 நாள். நோரோவைரஸ் 12லருந்து 48 மணி நேரம். கேம்பிலோபேக்டர் ரெண்டுலருந்து அஞ்சு நாள். ஹெபடைடிஸ் ஏ வந்தா சாப்பிட்டதே மறந்து போயிருக்கும், 15லருந்து 50 நாள்.

உங்களுக்கும் அட்மிட் ஆனவருக்கும் காய்ச்சலோட மறுநாள் மதியம் ஆரம்பிச்சதுன்னா சால்மொனெல்லா பொருந்துது. பொருந்துதுன்னுதான் சொல்றேன், அதுதான்னு சொல்லல.

ஆனா அந்த மூணாவது நண்பர்! அரை மணி நேரத்துக்குள்ள வர்றது சால்மொனெல்லா இல்லை. அவருக்கு என்னவோ வேற. "நாங்க மூணு பேர்"னு சேர்த்து எழுதினீங்கன்னா எதிர்த்தரப்பு அவர்லருந்துதான் ஆரம்பிப்பாங்க.

மழைக்காகிதம்:

நன்றி மேடம், நன்றி சார். ஒரு சிக்கல். டாக்டர் முதல் நாளே ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துட்டார், சாம்பிள் எதுவும் எடுக்கல. அவ்வளவுதானா?

நுண்ணோக்கி:

அவ்வளவுதான்னு இல்லை. மருந்து உள்ள போயிட்டா கல்ச்சர்ல, அதாவது சாம்பிளை லேப்ல வளர்த்துப் பார்க்கிறப்போ, கிருமி வளர்ற வாய்ப்பு குறையும், ஆனாலும் இன்னைக்கே கொடுங்க. சால்மொனெல்லா உடம்பு சரியான பிறகும் சில வாரம்கூட வெளியேறிட்டிருக்கும்.

முக்கியமா அட்மிட் ஆனவர். அவருக்கு சாம்பிள் எடுத்தாங்களான்னு உடனே கேளுங்க. எடுத்தா "கல்ச்சர் வேணும்"னு சொல்லிக் கேளுங்க. இப்போ நிறைய இடத்துல பிசிஆர் பேனல்னு, கிருமியை வளர்க்காம அதோட மரபணுவை மட்டும் தேடுற டெஸ்ட் பண்றாங்க. சில மணி நேரத்துல பேர் வந்துடும், சிகிச்சைக்கு அது போதும். ஆனா கையில உயிரோட கிருமி இருக்காது. கல்ச்சர்ல வளர்த்த கிருமி இருந்தாத்தான் அதோட மரபணுவை வரிசைப்படுத்தி, கிச்சன்லயோ இன்னொரு நோயாளிகிட்டயோ கிடைச்சதோட ஒப்பிட முடியும். ஒத்துப்போச்சுன்னா அதைவிட பலமான சாட்சி கிடையாது. லேப்ல வளர்த்ததை ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க, தூக்கிப் போட்டுடுவாங்க. "தூக்கிப் போடாதீங்க, சுகாதாரத் துறை கேட்கலாம்"னு எழுத்துல கொடுங்க.

மிச்சச் சாப்பாடு ஏதாவது பார்சல் கட்டினீங்களா? இருந்தா அப்படியே மூடி, தேதி எழுதி ஃபிரிட்ஜ்ல வைங்க. நீங்களா தனியார் லேபுக்கு எடுத்துட்டு ஓடாதீங்க. அது யார் கையில எவ்வளவு நேரம் இருந்ததுன்னு கேட்டா பதில் இருக்காது. அதிகாரி வந்து எடுக்கட்டும்.

எதிர்க்கட்சி:

எல்லாரும் ஹோட்டல்காரன்தான்னு முடிவே பண்ணிட்டீங்க. நான் கொஞ்சம் மறுபக்கம் பேசறேன், திட்டாதீங்க. எல்லாருமே கடைசியா வெளியில சாப்பிட்டதைத்தான் சந்தேகப்படுவாங்க. வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டார்? ஆபீஸ்ல யாருக்காவது வயித்துப்போக்கா? அஞ்சு பேர்ல ஒருத்தர்கிட்ட நோரோவைரஸ் இருந்து, ஒரே தட்டுல கை வச்சிருந்தாலும் இதேதான் நடக்கும். பொய்ப் புகார் கொடுத்து காசு பிடுங்குறவங்களும் இருக்காங்க, சின்ன ஹோட்டல் ஒண்ணு அதுல மூடினதை நான் பார்த்திருக்கேன்.

வாய்தா:

எதிர்க்கட்சி எழுதியதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீலும் எழுதுவார். ஆகவே மழைக்காகிதம், நோய் ஆரம்பித்ததற்கு முந்தைய மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, யாரோடு என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வீட்டில் சாப்பிட்டதையும் சேர்த்து. மறைக்க வேண்டாம். அதே உணவை வீட்டில் சாப்பிட்ட மற்றவர்கள் நன்றாக இருந்தால், அது உங்களுக்குச் சாதகம். அந்த மேஜையில் யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள், நன்றாக இருக்கும் இருவர் உட்பட. கோழி சாப்பிட்டவர்கள் படுத்தார்கள், சாப்பிடாதவர்கள் படுக்கவில்லை என்பது நல்ல சாட்சியம்.

சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தராசு சாய்ந்தால் போதும்.

அடுப்படி ஆள்:

நான் பத்துப் பாத்திரம் தேய்க்கிறதுல ஆரம்பிச்சு கிச்சன் சூப்பர்வைசர் வரைக்கும் இருந்தவன். உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன்.

இந்த மாதிரி போன் வந்தா மேனேஜர் முதல்ல ஃபிரிட்ஜைத் திறப்பார். அன்னைக்கு மிச்சம் இருக்கிறது எல்லாம் குப்பைக்குப் போகும். அடுத்து கதவுல மாட்டியிருக்கிற டெம்பரேச்சர் ஷீட். தினம் காலையும் சாயங்காலமும் எழுதணும். நான் பார்த்த நிறைய ஷீட்ல மேலருந்து கீழ வரைக்கும் 4 டிகிரி, 4 டிகிரி, 4 டிகிரின்னு ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. மாசக் கடைசில உட்கார்ந்து நிரப்பினது. நிஜமா எழுதின ஷீட்ல 3 இருக்கும், 6 இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், ஒரு நாள் விட்டுப் போயிருக்கும். நல்ல அதிகாரி இதை வாசல்லருந்தே கண்டுபிடிச்சுடுவார்.

இன்னொண்ணு, கூட்டம் அதிகமான நாள்ல கோழி வெட்டின கட்டையைக் கழுவாம சாலடு வெட்டுறது, வெளியில பொன்னிறமா இருக்கே போதும்னு எலும்பு ஓரம் வேகாம எடுத்துடறது. உள்ள 74 டிகிரி செல்சியஸ் வந்துச்சான்னு குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் டிராயர்லதான் கிடக்கும். பெரிய அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜ்ல தூக்கி வைக்கிறதும் உண்டு. மேல ஜில்லுனு இருக்கும், நடுவுல விடியற வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும். 5லருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

அதனால வக்கீலுக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் கொடுங்க. உங்களால உள்ள போய் ஷீட்டைக் கேட்க முடியாது, அவரால முடியும். சிசிடிவி பதிவும் சில வாரத்துல தானா அழிஞ்சு மேல மேல பதிவாகும். எதிர்க்கட்சி சொன்ன மாதிரி நல்ல ஹோட்டலா இருந்தா, இந்தச் சோதனைதான் அவங்களையும் காப்பாத்தும்.

கொடுக்காப்புளி:

சரி, அப்ப ரிவ்யூவே எழுதக் கூடாதா? ஒண்ணும் பேசக் கூடாதுன்னா எப்படி?

வாய்தா:

எழுதலாம். "இந்தத் தேதி இங்கே சாப்பிட்டேன், மறுநாள் உடம்பு சரியில்லை, சுகாதாரத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்" என்பது நடந்த விஷயம். "அழுகின கறி போட்டு ஜனங்களைக் கொல்றாங்க" என்றால் அதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். என் கட்சிக்காரர் என்றால் வழக்கு முடியும்வரை ஒன்றுமே எழுத வேண்டாம் என்பேன்.

தென்னங்கீற்று:

நான் இதே மாதிரி ஒண்ணை வக்கீல் இல்லாமலே முடிச்சவள். வேற ஊர், வேற ஹோட்டல், எனக்கு கேம்பிலோபேக்டர். அழுகை, ஆத்திரம் எதுவும் இல்லாம ஒரு பக்கக் கடிதம். எப்போ சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன், எப்போ ஆரம்பிச்சது, லேப் ரிப்போர்ட், மருந்துச் செலவு, ஆபீஸ்லருந்து சம்பளம் பிடிச்ச கடிதம். கடைசி வரியில "உங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இதை அனுப்பி வையுங்கள்"னு எழுதினேன். வாடிக்கையாளருக்குப் பாதிப்பு வந்தா ஹோட்டல் சார்பா பணம் கொடுக்கிற காப்பீடு அது. அந்த ஒரு வரிக்கு அப்புறம் மேனேஜர் பேச்சே மாறிடுச்சு. காப்பீட்டுக்காரங்க முதல்ல மருந்துச் செலவு மட்டும்னாங்க, திருப்பி எழுதினேன், சம்பளமும் கொடுத்தாங்க. மனக்கஷ்டத்துக்குன்னு கேட்டதுக்கு ஒரு சின்னத் தொகை. பணக்காரி ஆகல, ஆனா கைக்காசு போகல.

வாய்தா:

நல்ல வழி. வக்கீல் எப்போது தேவை என்பதற்கு என் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கொஞ்சம் மருந்துச் செலவு என்றால் தென்னங்கீற்று அம்மா செய்தது போதும். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையமோ சிறு தொகை நீதிமன்றமோ இருக்கிறது, நீங்களே நேரில் போய் வாதாடலாம். வக்கீல் ஃபீஸ் நஷ்டஈட்டைத் தின்றுவிடும் வழக்கை எடுத்துக்கொள்கிற வக்கீலிடம் நீங்கள் போகாமல் இருப்பது நல்லது.

அட்மிட் ஆனவர் கதை வேறு. சிறுநீரகம் பாதித்தாலோ, கர்ப்பிணியோ குழந்தையோ முதியவரோ என்றாலோ, மூட்டுவலி, கை கால் மரத்துப் போவது என்று பின்னால் ஏதாவது தொடங்கினாலோ வக்கீல் கட்டாயம். கேம்பிலோபேக்டருக்குப் பிறகு நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் வருவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். சால்மொனெல்லாவுக்குப் பிறகு சிலருக்கு மூட்டழற்சி வரும். இவையெல்லாம் வயிறு சரியாகிச் சில வாரம் கழித்து வருபவை. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதன்பின் வழி இல்லை.

பெரிய உதாரணம் 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்கள். சரியாக வேகாத ஹாம்பர்கரில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. 700 பேருக்கு மேல் பாதிப்பு, 4 குழந்தைகள் இறந்தார்கள். வாஷிங்டன் மாநில விதிப்படி இறைச்சியின் உள்வெப்பம் 68 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், நிறுவனம் 60 டிகிரி என்ற பழைய அளவிலேயே சமைத்துக்கொண்டிருந்தது. விதி காகிதத்தில் இருந்து, அதை மீறியதும் காகிதத்தில் இருந்தால் வழக்கில் பாதி முடிந்தது. கோமாவுக்குப் போய்ப் பிழைத்த ஒரு சிறுமிக்கு 1.56 கோடி டாலர் சமரசத் தொகை. இதைப் படித்துவிட்டு நமக்கும் கோடி வரும் என்று யாரும் கிளம்பாதீர்கள். அந்தக் குழந்தை பட்டது அப்படி.

நுண்ணோக்கி:

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் அங்க 1996ல பல்ஸ்நெட்னு லேப்களோட வலையமைப்பே வந்துச்சு. எங்கெங்கயோ படுத்தவங்களோட கிருமி ஒண்ணுதானான்னு பார்க்கிறதே அதோட வேலை. நான் கல்ச்சர் கல்ச்சர்னு கத்துறது இதுக்குத்தான்.

எதிர்க்கட்சி:

காலவரம்பு எவ்வளவு சார்? நாலு மாசம் கழிச்சுக்கூடப் போடலாமா?

வாய்தா:

போடலாம். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷம், இங்கிலாந்தில் உடல் காயத்துக்கு 3 வருஷம். மற்ற ஊர்களில் கூடக் குறைய இருக்கும், அங்கங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெயித்தால் பங்கு என்ற ஃபீஸ் அமெரிக்காவில் சாதாரணம், இந்தியாவில் வக்கீல் அப்படிப் பேசவே கூடாது, பார் கவுன்சில் விதி.

மழைக்காகிதம்:

அப்டேட். புகார் கொடுத்தாச்சு. அதிகாரி போய்ப் பார்த்திருக்கார், அதே ராத்திரி சாப்பிட்ட வேற ஒரு குடும்பமும் புகார் கொடுத்திருக்காங்கன்னு சொன்னார். நண்பனோட கல்ச்சர்ல சால்மொனெல்லா வந்திருக்கு, லேப்ல வச்சிருக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். என் சாம்பிள்ல ஒண்ணும் வரல.

இன்னைக்கு மேனேஜர் அவரே போன் பண்ணி, ரெண்டு பேரோட ஆஸ்பத்திரி, மருந்துச் செலவை எல்லாம் தர்றேன்னு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கார். மூணாவது வரி இது: "இச்சம்பவம் தொடர்பாக இப்போதோ எதிர்காலத்திலோ எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும், அளித்த புகார்களைத் திரும்பப் பெறுகிறோம் என்றும்..." ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். நண்பன் இன்னும் சரியா நடக்கல. என் ரிப்போர்ட் நெகட்டிவ்ங்கிறதால நான் வாங்கிட்டு ஒதுங்கிடட்டுமான்னு யோசிக்கிறேன்.

நுண்ணோக்கி:

நெகட்டிவ்னா உங்களுக்கு வரலைன்னு அர்த்தம் இல்லை, மாத்திரைக்கு அப்புறம் எடுத்த சாம்பிள். உங்க டாக்டர்கிட்ட அதை ஒரு வரி எழுதி வாங்கிடுங்க.

வாய்தா:

ஒரே மேஜை, ஒரே கோழி, ஒரே நேரம், ஒரே அறிகுறி. பக்கத்தில் இருந்தவருக்கு சால்மொனெல்லா என்று ரிப்போர்ட். உங்கள் நெகட்டிவை அது தூக்கிச் சாப்பிட்டுவிடும், பயப்படாதீர்கள்.

பேப்பர் விஷயம். இருவருக்கும் ஒரே பேப்பர் வேண்டாம், தனித்தனியாகக் கேளுங்கள். உங்களுக்கு உடம்பு முழுக்கச் சரியாகி, தொகையில் சம்பளமும் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் பங்குக்கு நீங்கள் முடித்துக்கொள்வதில் தப்பில்லை. நண்பர் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் நேரில் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு.

"புகார்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்ற துண்டை அடித்துவிடச் சொல்லுங்கள். சுகாதாரத் துறைப் புகார் ஊருக்கானது, உங்கள் காசோடு அதை முடிச்சுப் போடக் கூடாது. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பணத்தை வாங்காதீர்கள், அந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செலவைத் தருகிறேன் என்று அவர்கள் கைப்பட எழுதியது. "சமரசப் பேச்சு" என்று தலைப்பிட்டிருந்தால் கோர்ட்டில் காட்ட முடியாமல் போகலாம், மேலே அப்படி ஏதாவது இருக்கிறதா?

மழைக்காகிதம்:

இல்லை சார். லெட்டர்ஹெட், தேதி, கீழ சீல், அவ்வளவுதான். அந்தத் துண்டை அடிச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். நண்பனுக்கு வியாழக்கிழமை வக்கீல்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்.

கொடுக்காப்புளி:

மூணாவது ஆள் என்னாச்சு ப்ரோ? அந்த அரை மணி நேர வாந்தி?

மழைக்காகிதம்:

அவன் இப்பத்தான் வாயைத் திறக்கிறான். ஹோட்டலுக்கு வர்றதுக்கு முன்னாடியே வேற எங்கயோ குடிச்சுட்டு வந்திருக்கான். அவன் பேரைப் புகார்ல சேர்க்கவே இல்லை.